கோயிலைச் சுற்றிவரும் பிழை

2024 டிசம்பரில் கூகுள் நிறுவனம் ‘வில்லோ’ என்ற குவாண்டம் சில்லை அறிவித்தபோது நாளிதழ்கள் பலவும் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டன. ஒன்றுக்குப் பின்னால் 25 சுழியங்கள் போட்டால் எத்தனை ஆண்டுகளோ, அத்தனை ஆண்டுகள் இன்றைய மிகப் பெரிய கணினிகளுக்குப் பிடிக்கும் ஒரு கணக்கை வில்லோ ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டதாம். கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அது குவாண்டம் கணினிக்கு வாகாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சோதனைக் கணக்கு. அதன் விடையை வைத்துக்கொண்டு யாரும் ஒரு மருந்தையோ ஒரு பேட்டரியையோ உருவாக்கிவிட முடியாது. அதே அறிவிப்பில் இன்னோர் எண்ணும் இருந்தது: 2.14. தகவலைக் காக்கும் அமைப்பைப் பெரிதாக்கும் ஒவ்வொரு படியிலும் பிழை எத்தனை மடங்கு குறைந்தது என்பதன் அளவு அது. அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் அந்தச் சின்ன எண்தான் செய்தி. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இயற்பியலாளர்கள் காத்துக்கிடந்தது அதற்காகத்தான்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் காலை பஸ் பிடித்து என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். குவாண்டம் கணினி என்றால் அவர்கள் அறிந்தது யூடியூபில் பார்த்த அளவுதான்: ஒரே நேரத்தில் பூஜ்யமாகவும் ஒன்றாகவும் இருக்கும், அதனால் வேகம். வேகத்தைச் சொல்லி நிறுத்திக்கொண்டால் பாதிக் கதையைக்கூடச் சொன்னதாக ஆகாது. ஒரு தகவலைப் பிரதி எடுக்காமல், எட்டிப் பார்க்காமல், ஓரிடத்தில் பூட்டியும் வைக்காமல் எப்படிக் காப்பாற்றுவது? இந்தக் கேள்விதான் குவாண்டம் கணினியின் உயிர்நாடி. இதற்குக் கிடைத்த விடையைப் போல அழகான ஒன்றை நான் இயற்பியலில் அதிகம் கண்டதில்லை. அந்த விடையைப் புரிந்துகொள்ள வேண்டிய கணிதம் ஒற்றைப்படை, இரட்டைப்படை அறிவு மட்டுமே. கூடவே ஒரு ஊரின் வரைபடம் வேண்டும். அதற்கு மதுரையைவிடப் பொருத்தமான ஊர் உலகத்தில் உண்டா என்பது சந்தேகம்.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சாதாரணக் கணினியில் தகவலைக் காப்பது எளிது. பூஜ்யத்தை மூன்று பூஜ்யங்களாகவும் ஒன்றை மூன்று ஒன்றுகளாகவும் எழுதிவைத்தால், ஒன்று புரண்டாலும் மற்ற இரண்டு காட்டிக்கொடுத்துவிடும். குவாண்டம் உலகில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. தெரியாத ஒரு குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்கவே முடியாது என்று 1982-இல் வூட்டர்ஸும் சூரெக்கும் சேர்ந்தும், டீக்ஸ் தனியாகவும் நிறுவினார்கள். எட்டிப் பார்ப்பதற்கும் வழியில்லை. அளந்த மாத்திரத்தில், பூஜ்யமும் ஒன்றும் ஒருசேர மேற்பொருந்திய நிலை குலைந்து ஏதோ ஒரு பக்கம் விழுந்துவிடும். பிழையிலும் இரண்டு வகை உண்டு. பூஜ்யம் ஒன்றாகப் புரள்வது ஒன்று. இரண்டுக்கும் இடையிலான ‘கட்டம்’ (phase), கூட்டல் குறி கழித்தல் குறியாவதைப் போல, புரள்வது மற்றொன்று. அதுவும் முழுவதும் புரள வேண்டும் என்பதில்லை. துளி சாய்ந்தாலும் பிழைதான். மின்தடையின்றி மின்சாரம் பாயும் மீக்கடத்துப் பொருளால் ஆன கியூபிட்களை, அதாவது குவாண்டம் பிட்களை, விண்வெளியைவிடக் குளிரான, கெல்வின் அளவில் நூறில் ஒரு பங்கு வெப்பநிலையில் வைத்துப் பார்க்கிறார்கள். அப்போதும் அவை சுற்றுப்புறத்தோடு மெல்ல மெல்லப் பின்னிக்கொள்கின்றன. உள்ளே இருந்த தகவல் வெளியே கசிகிறது.

பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் குவாண்டம் வழிமுறையை 1994-இல் பீட்டர் ஷோர் வெளியிட்டபோது, இப்படியொரு கணினி நடைமுறைக்கு வரவே வராது என்று வாதிட்டவர்கள் எடுத்துவைத்த காரணம் இதுதான். அதற்கான பதிலும் ஷோரிடமிருந்தே வந்தது. ஒரு கியூபிட்டின் தகவலை ஒன்பது கியூபிட்களில் பரப்பிவைத்தால் அவற்றில் எந்த ஒன்று கெட்டாலும் தகவலை மீட்டுவிடலாம் என்று 1995-இல் அவர் காட்டினார். அடுத்த ஆண்டே ஆண்ட்ரூ ஸ்டீன் ஏழு கியூபிட்களில் அதைச் செய்யும் வழி சொன்னார்.

இதை வகுப்பில் சொல்லும்போது ஒரு மாணவி எழுந்து கேட்டாள். “சார், அளந்தாலே கெட்டுவிடும் என்றீர்கள். அப்படியானால் கெட்டிருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?”

கேட்க வேண்டிய கேள்வி. “உன் மதிப்பு என்ன என்று கேட்டால்தான் கெடும் அம்மா. நீயும் பக்கத்தில் இருப்பவனும் ஒன்றா வேறா என்று மட்டும் கேட்டால் கெடாது” என்றேன்.

சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்படியானால் பதில் சொன்ன பிறகும் அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது, இல்லையா சார்?” என்றாள். அவ்வளவுதான் விஷயம். குவாண்டம் பிழை திருத்தம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. சில கியூபிட்களைச் சேர்த்து, அவற்றின் கூட்டுத்தொகை ஒற்றையா இரட்டையா என்று மட்டும் கேட்கிறோம். பிழை நடந்த இடம் தெரிகிறது. காக்கப்படும் தகவல் தெரிவதில்லை. தெரியாததனால்தான் அது பிழைத்துக் கிடக்கிறது.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. துளி சாய்ந்த கியூபிட்டைப் பற்றி ஒற்றையா இரட்டையா என்று கேட்டால், ‘கொஞ்சம் ஒற்றை’ என்று பதில் வர முடியாது. இயற்கை ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பெரும்பாலும் ‘பிழையே இல்லை’ என்று பதில் வரும், அந்தக் கணமே சாய்வும் நீங்கிவிடும். எப்போதாவது ‘முழுவதும் புரண்டது’ என்று வரும், அப்போது திருப்பிப் புரட்டிவிடலாம். எண்ணிலடங்காத சின்னச் சின்னச் சாய்வுகளை நாம் கேட்கும் கேள்வியே ‘ஆம், இல்லை’ என்ற இரண்டு விடைகளுக்குள் அடைத்துவிடுகிறது. அளவீடு எதிரி என்று சொல்லிக்கொண்டே வந்தோம். இங்கே அதுவே மருந்தாகிறது.

தகவலை இப்படிப் பல கியூபிட்களில் பரப்பிவைக்கும் முறைக்குக் ‘குறியீடு’ என்று பெயர். ஷோரின் குறியீட்டில் ஒரு குறை இருந்தது. கணினி பெரிதாகப் பெரிதாக, தூரத்தில் இருக்கும் கியூபிட்களையும் சேர்த்துக் கேள்வி கேட்க வேண்டிவரும். அப்படிக் கேட்பதே புதிய பிழைகளை இழுத்துவரும். பக்கத்து வீட்டாரிடம் மட்டும் கேட்டு, ஊர் முழுவதையும் காக்க வழி உண்டா? 1997-இல் ரஷ்யாவின் லாண்டாவ் கோட்பாட்டு இயற்பியல் நிறுவனத்தில் இருந்த அலெக்சி கிட்டாயேவ் ‘உண்டு’ என்றார். நீளம், கோணம், பரப்பு எல்லாவற்றையும் உதறிவிட்டு, எது எதைச் சுற்றுகிறது, எத்தனை துளைகள் இருக்கின்றன என்று மட்டும் கேட்கும் டோபாலஜி என்ற கணிதப் பிரிவிலிருந்து அவர் இதைக் கொண்டுவந்தார். அவருடைய குறியீடு நடுவே துளையுள்ள வளையத்தின் (டோரஸ்) மேற்பரப்பில் அமைந்தது. ‘டோரிக் குறியீடு’ என்ற பெயர் அதனால் வந்தது. அடுத்த ஆண்டே அவரும் செர்கெய் பிராவியும் அதைத் தட்டையான தளத்துக்கு மாற்றினார்கள். இன்று ஆய்வுக்கூடங்களில் செய்துபார்க்கும் ‘பரப்புக் குறியீடு’ அதன் வழிவந்ததுதான்.

இப்போது மதுரைக்கு வருவோம்.

மீனாட்சி அம்மன் கோயிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றி சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், கடைசியாக வெளி வீதிகள் என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வளைந்து கிடப்பது நம் ஊர். கோயிலுக்கு உள்ளே இருக்கும் ஆடி வீதிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வெளி வீதிகள் மட்டும் பிற்காலத்தவை. 19ஆம் நூற்றாண்டில், பிளாக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில், கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவானவை. இந்த வளைவீதிகளுக்கு இடையே குறுக்குச் சந்துகள் ஏராளம்.

ஒவ்வொரு தெருத்துண்டும், அதாவது ஒரு சந்திக்கும் அடுத்த சந்திக்கும் இடையிலான பகுதி, ஒரு கியூபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு காவலர் நிற்கிறார். தம் சந்தியில் வந்து சேரும் தெருத்துண்டுகளில் ‘ஒன்று’ என்ற நிலையில் இருப்பவற்றின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்று மட்டும் அவர் பார்க்கிறார். இரட்டைப்படை என்றால் பேசாமல் இருப்பார். ஒற்றைப்படை என்றால் விளக்கை ஏற்றுவார். எந்தத் தெருத்துண்டு என்ன நிலையில் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது.

ஒரு தெருத்துண்டு புரண்டுவிட்டால் அதன் இரு முனைகளிலும் உள்ள காவலர்கள் விளக்கேற்றுவார்கள். அடுத்தடுத்த நான்கு துண்டுகள் புரண்டால், நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டு துண்டுகள் மாறியிருப்பதால் எண்ணிக்கை மறுபடியும் இரட்டைப்படை ஆகிவிடும். அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். சங்கிலியின் இரு முனைகளில் மட்டும் விளக்கு எரியும். ஆக, நமக்குத் தெரிவது பிழைச் சங்கிலியின் முனைகள் மட்டுமே. அது எந்த வழியாகப் போயிற்று என்பது தெரியாது.

தெரிய வேண்டிய தேவையும் இல்லை. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட, பழைய மதுரையின் வரைபடத்தை எளிமையாக்கிப் பெரிய தாளில் ஜெராக்ஸ் எடுத்து, மேசைக்கு ஒன்றாகக் கொடுத்தேன். விளக்குக்குப் புளியங்கொட்டை. ஒருவர் சிவப்புப் பென்சிலால் பிழையைத் தம் தாளில் மறைவாக வரைய வேண்டும். முனைச் சந்திகளில் மட்டும் புளியங்கொட்டை வைத்து மற்றவருக்குக் காட்ட வேண்டும். மற்றவர் ஊகித்துத் திருத்த வேண்டும். தெற்கு ஆவணி மூல வீதியில், நகைக்கடைகள் இருக்கும் ஒரு கட்டடத் தொகுதியின் இரண்டு பக்கங்களில் ஒரு மாணவன் பிழையை வரைந்தான். எதிரில் இருந்தவள் அதே தொகுதியின் மற்ற இரண்டு பக்கங்கள் வழியாகத் திருத்தினாள். தப்பான வழி. ஆனால் அவன் பிழையையும் அவள் திருத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தொகுதியைச் சுற்றி மூடிய ஒரு வளையம். ஒவ்வொரு சந்தியிலும் இரட்டைப்படை. விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன. தகவலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு தொகுதியைச் சுற்றி வளையம் போட்டாலும் போடாவிட்டாலும் நிலை மாறாதபடிதான் கிட்டாயேவ் குறியீட்டை அமைத்திருக்கிறார். வழி தவறினாலும் வீடு வந்து சேரலாம்.

அடுத்து நான் வரைந்தேன். எங்கள் வரைபடத்தில் சித்திரை வீதி வளையம் 12 துண்டுகள். அதில் அடுத்தடுத்து 7 துண்டுகளைப் புரட்டி, முனைகளில் புளியங்கொட்டைகளை வைத்தேன். அந்த மாணவி குறைந்த தூரத்தைப் பார்த்தாள். மறுபக்கம் 5 துண்டுகள்தான். நியாயமான ஊகம், நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஐந்தையும் திருத்தினாள். விளக்குகள் அணைந்தன. ஆனால் 7-ம் 5-ம் சேர்ந்து 12. பிழை கோயிலைச் சுற்றிவிட்டது. எந்தக் காவலருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு சந்தியிலும் எல்லாம் சரியாகவே இருக்கிறது, ஆனால் காத்துவந்த தகவல் புரண்டுவிட்டது.

நகைக்கடைத் தொகுதியைச் சுற்றிய வளையத்துக்கும் கோயிலைச் சுற்றிய வளையத்துக்கும் என்ன வேறுபாடு? முதல் வளையத்தைச் சுருக்கிச் சுருக்கி இல்லாமலே செய்துவிடலாம். இரண்டாவதைச் சுருக்கினால் கோயில் மதிலில் வந்து நின்றுவிடும், அதற்கு மேல் சுருங்காது. குறியீட்டின் தகவல் இந்தச் சுருங்காத தன்மையில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. மூடிய வளையங்கள் கோயிலை ஒற்றைப்படைத் தடவை சுற்றுகின்றனவா, இரட்டைப்படைத் தடவையா? முன்னது ‘ஒன்று’, பின்னது ‘பூஜ்யம்’. அதை வாசிக்க வேண்டும் என்றால் மேற்குக் கோபுரத்திலிருந்து ரயில் நிலையம் வரை ஒரு கோடு இழுத்து, அதைக் கடக்கும் ‘ஒன்று’த் துண்டுகளை எண்ணலாம். கிழக்குக் கோபுரத்திலிருந்து கீழவெளி வீதிக்கு அப்பால் வரை இழுத்தும் எண்ணலாம். தெற்கு வாசலை நோக்கியும் இழுக்கலாம். எப்படி இழுத்தாலும் விடை ஒன்றே. அப்படியானால் தகவல் எங்கே இருக்கிறது? மேற்கிலா, கிழக்கிலா? எந்தத் தெருவைத் தனியாகப் பெயர்த்து எடுத்து ஆராய்ந்தாலும் அதில் ஒன்றும் அகப்படாது.

கட்டப் பிழைக்கு இதன் மறுபக்கம். அங்கே சந்திகளுக்குப் பதில் கட்டடத் தொகுதிகள் காவல் காக்கின்றன. பிழைச் சங்கிலி தொகுதியிலிருந்து தொகுதிக்குத் தெருவைக் கடந்து கடந்து போகிறது. கோயிலுக்குள்ளும் ஊருக்கு வெளியிலும் காவல் இல்லை என்பதால், கோயிலில் தொடங்கி வெளி வீதியைத் தாண்டிப் போய்விட்ட சங்கிலி யார் கண்ணிலும் படாது. அப்படிப் போவதற்குக் குறைந்தது சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்ற நான்கு வீதிகளையாவது கடந்தாக வேண்டும். வளையத்தின் நீளம் ஒரு வகைப் பிழையிலிருந்து காக்கிறது என்றால், வளையங்களின் எண்ணிக்கை மற்ற வகையிலிருந்து காக்கிறது. நம் ஊர் வரைபடத்தில் முதல் பாதுகாப்பு வலுவானது, இரண்டாவது மெலிந்தது. இதைக் குறையென்று மட்டும் தள்ள முடியாது. ஒரு வகைப் பிழை மற்றதைவிட அதிகமாக வரும் கருவிகளுக்கு, வேண்டுமென்றே இப்படி ஒரு பக்கம் நீளமாகக் குறியீட்டை அமைக்கிறார்கள்.

இனி பின்னலைப் (entanglement) பற்றிச் சொல்ல வேண்டும். பல கியூபிட்களின் நிலைகள், தனித்தனியாக விவரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதுதான் பின்னல். இந்தக் குறியீட்டில் தெருக்கள் ஏதோ ஒரு குறிப்பிட்ட வளைய அமைப்பில் இருப்பதில்லை. எத்தனை விதமாக மூடிய வளையங்களை வரைய முடியுமோ அத்தனை விதங்களும் சம எடையில் ஒரே நேரத்தில் மேற்பொருந்திய நிலை அது. ஒரே ஒரு தெருத்துண்டை அளந்தால் பூஜ்யம் பாதி, ஒன்று பாதி. வேறு ஒன்றும் தெரியாது.

பின்னல் என்றாலே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. கிரீன்பெர்கர், ஹார்ன், சைலிங்கர் மூவரும் 1989-இல் ஆராய்ந்த ஒரு நிலை உண்டு: எல்லாக் கியூபிட்களும் பூஜ்யம், அல்லது எல்லாம் ஒன்று, இரண்டும் மேற்பொருந்தியது. பின்னல் என்ற முறையில் அதற்குக் குறைவில்லை. ஆனால் ஆயிரம் கியூபிட்களில் ஒன்றை யாராவது பார்த்துவிட்டால் போதும், ஆயிரமும் குலைந்துவிடும். தகவலை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவைத்த பின்னல் அது. டோபாலஜி பின்னலில் எவர் கையிலும் எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை அளக்கவும் வழி உண்டு, அதுவும் ஒற்றை, இரட்டைக் கணக்குத்தான்.

ஊரில் ஏதேனும் ஒரு பகுதியைச் சுற்றிக் கோடு போடுங்கள். கோயில் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடு பத்துத் தெருக்களை வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் இடையே எவ்வளவு பின்னல்? வெட்டுப்பட்ட ஒவ்வொரு தெருவிலும் வளையம் கடக்கிறதா இல்லையா என்ற செய்தி இரு பக்கமும் பகிரப்பட்டிருக்கிறது. அப்படியானால் பத்து பிட் இருக்க வேண்டும் அல்லவா? இருக்காது. மூடிய வளையம் உள்ளே போனால் வெளியே வந்தாக வேண்டும். ஆகவே மொத்தக் கடப்புகள் எப்போதும் இரட்டைப்படை. ஒன்பது தெருக்களைப் பார்த்தால் பத்தாவது தானே முடிவாகிவிடுகிறது. பின்னல் ஒன்பது பிட். நூறு தெருக்களை வெட்டினால் 99. கோட்டை எப்படி நெளித்தாலும், எவ்வளவு பெரிதாக்கினாலும் எப்போதும் அந்த ஒரு பிட் மட்டும் குறைவாகவே இருக்கும். இந்தக் குறை எந்தத் தெருவுக்கும் சொந்தமானது அல்ல, ஊர் முழுவதும் ஒன்றாகப் பின்னியிருப்பதன் அடையாளம். 2006-இல் கிட்டாயேவும் ஜான் பிரெஸ்கிலும் இதைக் கண்டு சொன்னார்கள். மைக்கேல் லெவினும் ஷியாவ்-காங் வென்னும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். கூகுள் ஆய்வாளர்கள் 31 கியூபிட்களில் டோரிக் குறியீட்டின் நிலையை உருவாக்கி இந்தக் குறையை அளந்து, கோட்பாடு சொன்ன மதிப்புக்கு நெருக்கமாகக் கண்டது 2021-இல். கணிதத்தில் கழிந்த ஒரு பிட், ஆய்வுக்கூடத்திலும் கழிந்தது. அதைப் படித்த அன்று எனக்குப் பிடிபடாத மகிழ்ச்சி.

திருத்தும் வேலைக்கு மீண்டும் வருவோம். எரியும் விளக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, மொத்தத் தூரம் குறைவாக வரும்படி இணைக்க வேண்டும். சந்தி விளக்குகள் எப்போதும் இரட்டைப்படையில்தான் எரியும் என்பதால் அவற்றில் ஒன்று தனித்து நிற்காது. கட்டப் பிழையில் தொகுதி விளக்கு ஒன்று தனித்தால், அதைக் காவலில்லாத கோயிலோடோ ஊரின் வெளிப்புறத்தோடோ இணைத்துவிடலாம். இப்படி இணைப்பதற்கான வழிமுறையை ஜாக் எட்மண்ட்ஸ் 1965-இலேயே கொடுத்துவிட்டார். குவாண்டம் கணினி என்ற பேச்சே இல்லாத காலம் அது. நடைமுறையில் காவலர்களும் பொய் சொல்வார்கள்; அளவீட்டிலும் பிழை வரும். அதனால் மறுபடி மறுபடி கேட்டு, ஒவ்வொரு முறை கிடைத்த வரைபடத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, காலத்தையும் ஒரு திசையாக வைத்து இணைக்கிறார்கள்.

டென்னிஸ், கிட்டாயேவ், லண்டால், பிரெஸ்கில் நால்வரும் 2002-இல் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். பிழை விகிதத்துக்கு ஒரு வாசல் உண்டு. அதற்குக் கீழே இருந்தால், ஊரைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பாதுகாப்பு மிகும். மேலே இருந்தால், பெரிதாக்குவதே கேடாக முடியும். அளவீடு முதல் எல்லாச் செயல்களிலும் பிழை வரும் உண்மையான கருவிக்கு அந்த வாசல் சுமார் 1 சதவீதம். ஆண்டுக்கணக்காக ஆய்வுக்கூடங்கள் அந்த வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தன. யார் கண்ணிலும் படாமல் தகவலைக் கெடுக்கக் குறைந்தது எத்தனை கியூபிட்கள் புரள வேண்டுமோ, அந்த எண்ணைக் குறியீட்டின் ‘தொலைவு’ என்பார்கள். எல்லாக் காவலர்களையும் ஒருமுறை கேட்டு முடிப்பது ஒரு சுற்று. 2023-இல் கூகுள் குழு வெளியிட்ட முடிவில், தொலைவு 3 கொண்ட குறியீடு சுற்றுக்கு 3.028 சதவீதமும் தொலைவு 5 கொண்டது 2.914 சதவீதமும் பிழை செய்தன. பெரியது சிறியதைவிட நூலிழை நன்று. அவ்வளவே.

2024-இல் தொலைவு 7. தகவலைத் தாங்க 49 கியூபிட்கள், கேள்வி கேட்க 48. சுற்றுக்கு 0.143 சதவீதப் பிழை. தொலைவை இரண்டிரண்டாகக் கூட்டும் ஒவ்வொரு முறையும் பிழை 2.14 மடங்கு குறைந்தது. அதிலிருந்த மிகச் சிறந்த தனிக் கியூபிட்டைவிட 2.4 மடங்கு நீண்ட நேரம், இவை எல்லாம் சேர்ந்து உருவான கூட்டுக் கியூபிட் தகவலைத் தாங்கியது. குறையுள்ள உறுப்புகளைச் சேர்த்து, அவற்றில் எதையும்விடக் குறை குறைந்த முழுமையை உண்டாக்க முடியும் என்று 1997-இல் தாளில் எழுதியதைக் கருவி ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த எண்ணை நான் கரும்பலகையில் எழுதி, வகுப்பு முடியும்வரை அழிக்காமல் வைத்திருந்தேன்.

தூரம் இன்னும் நிறைய இருக்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பிழை என்ற அளவை எட்ட, அன்றைய தரத்தில் தொலைவு 27 வேண்டும் என்று அந்தக் குழுவே கணக்கிட்டிருக்கிறது. ஒரே ஒரு கூட்டுக் கியூபிட்டுக்கு 1,457 கியூபிட்கள்! தகவலைக் காத்துவைப்பது ஒன்று, காத்தபடியே கணக்குப் போடுவது வேறு. அதற்கு இன்னும் எத்தனையோ உறுப்புகள் தேவை. இரு பரிமாணக் குறியீட்டைச் சும்மா விட்டுவிட்டால் வெப்பமே மெல்ல மெல்லப் பிழைகளைக் கோயிலைச் சுற்ற வைத்துவிடும் என்பதும் நிரூபிக்கப்பட்ட உண்மை. ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் பாதுகாப்பு. கியூபிட் செலவைக் குறைக்க ஐபிஎம் குழு 2024-இல் வேறொரு குறியீட்டைக் காட்டியது. 288 கியூபிட்களில் 12 கூட்டுக் கியூபிட்கள். பரப்புக் குறியீட்டில் அதே பாதுகாப்புக்கு ஏறத்தாழ 3,000 வேண்டியிருக்கும். ஆனால் அதில் பக்கத்து வீட்டோடு நிற்காமல், ஒவ்வொரு கியூபிட்டும் ஆறு கியூபிட்களோடு இணைய வேண்டும், அவற்றில் சில தொலைவில் இருக்கும். கிட்டாயேவ் தந்த எளிமையை விட்டுக்கொடுத்துப் பெறும் சிக்கனம் அது. எது வெல்லும் என்று இப்போதே பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

இதெல்லாம் கலிபோர்னியாவின் கதை, நமக்கென்ன என்று ஒரு பேராசிரிய நண்பர் என்னிடம் கேட்டார். அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் இந்தப் பேச்சை ஏற்க மாட்டேன். கிட்டாயேவ் 2006-இல் தேன்கூட்டு வடிவ அடுக்கில் அமைந்த ஒரு காந்தக் கோட்பாட்டு மாதிரியை முழுமையாகத் தீர்த்துக்காட்டினார். அதன் ஓர் எல்லையில் டோரிக் குறியீடே வெளிப்படும். அந்த மாதிரியில் குட்டிக் காந்தங்களைப் போன்ற தற்சுழற்சிகள் (spins) காலப்போக்கில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு 2007-இலேயே துல்லியமான விடை தந்த கட்டுரை சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில் எழுதப்பட்டது. எழுதியவர்கள் ஜி. பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் நான்கு மையங்களில் ஒன்றான குவாண்டம் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐஐடியில் அமைந்திருக்கிறது. இந்த வேலைகளுக்கு ஆள் எங்கிருந்து வரப்போகிறார்கள்? உசிலம்பட்டி பஸ்ஸில் வருகிறவர்கள் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும் என்றால், முதல் பாடம் அவர்களுக்குப் புரியும் மொழியில், அவர்கள் காலால் நடந்த தெருவில் நடக்க வேண்டும். மேற்பொருந்துதலையும் பின்னலையும் ஆங்கிலச் சொற்களாக மனப்பாடம் செய்துவிட்டுப் பட்டம் வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. திறமையில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

குறிப்பாக இந்தத் துறையில் விலையுயர்ந்த குளிர்சாதனம் கேட்காத வேலை ஒன்று திறந்தே கிடக்கிறது. வில்லோவில் ஒரு சுற்று 1.1 மைக்ரோவினாடியில் முடிகிறது. விளக்குகளைப் பார்த்து முடிவு சொல்லும் டிகோடர் நிரலோ தொலைவு 5-க்கே சராசரியாக 63 மைக்ரோவினாடி பின்தங்கி வந்தது. காத்துவைக்க மட்டும் இது போதும். கணக்குப் போடும்போது இடையிடையே டிகோடரின் விடைக்காகக் காத்திருக்க வேண்டிவரும், அங்கே ஒவ்வொரு மைக்ரோவினாடியும் செலவுதான். விரைவான, பிழை குறைந்த டிகோடரை எழுத வேண்டியது வரைபடக் கோட்பாடும் ஒரு மடிக்கணினியும் உள்ள எவரும் முயலக்கூடிய வேலை.

அன்று கேள்வி கேட்ட மாணவியும் அவளுடைய தோழியும் இறுதியாண்டுச் செயல்திட்டமாக இதையே எடுத்திருக்கிறார்கள். சதுரக் கட்டத்துக்குப் பதிலாகப் பழைய மதுரையின் தெருக்களையே கட்டமாக வைத்து, எட்மண்ட்ஸ் வழிமுறையைப் பைதானில் ஓட்டுகிறார்கள். நான்கு வீதிகளைக் கடக்கும் கட்டப் பிழைதான் முதலில் வெல்கிறது என்பது எதிர்பார்த்தபடியே வந்திருக்கிறது. காவலர்கள் பொய் சொல்லும் நிலையை இன்னும் சேர்க்கவில்லை. அடுத்த பருவத்தில் அதைச் சேர்த்து, வரைபடங்களை அடுக்கிப் பார்க்கப்போகிறார்கள். நிரல் மெதுவாக ஓடுவதாகப் புகார் சொல்கிறார்கள். அதை விரைவாக்குவதுதான் செயல்திட்டத்தின் இரண்டாம் பாதி என்று சொல்லியிருக்கிறேன்.